நிரோஜா வீட்டுத் தேரைகள்

ஒரு கர்ப்பிணி போதிய தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்றால் காரணம் என்னவாக இருக்கும் என்று மருத்துவமாதுப் பயிற்சிக்கு வந்திருக்கிற உங்களைக் கேட்டால், வகுப்பில் படித்ததை எல்லாம் அழகாகச் சொல்வீர்கள். ஓங்காளம் என்பீர்கள், நெஞ்செரிவு என்பீர்கள். வேலைப் பளு, மறதி, கிணற்று நீரின் உவர்ப்பு என்றும் ஒருத்தி எழுந்து சொல்லக்கூடும். தேரை என்று ஒருத்தியும் சொல்லமாட்டீர்கள். நானும் சொல்லியிருக்கமாட்டேன். குடும்பநல மருத்துவமாதுவாகப் புத்தூர்ப் பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி, ஓய்வுபெறும் காலம் கண்ணில் தெரியத் தொடங்கிய பிறகுதான் அந்தக் காரணத்தைக் கண்டேன். கண்டேன் என்பதைவிட, அது என் தோளில் வந்து குந்தியது என்பதே சரி.

நிரோஜா கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்த பிள்ளை. சொந்த இடம் பருத்தித்துறை, கடற்கரையோரம் வளர்ந்தவள். கணவன் சுதன் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். மாமியார் செல்வராணி வெங்காயத் தோட்டம் செய்கிற கெட்டிக்காரி. வீட்டில் இந்த மூன்று பேரும்தான். சண்டை இல்லை, குறை இல்லை. மருமகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிற மாமியார். அப்படி ஒரு வீட்டில் பிரச்சினை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஆவணி மாதம். சோளகக் காற்று தோட்டத்துச் செம்மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காலம். கிளினிக்குக்கு வந்த நிரோஜாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. சிறுநீரைச் சோதித்தோம், சலத்தில் கிருமி என்று முடிவு வந்தது.

"தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்ஸி."

"எவ்வளவு?"

"நல்லாக் குடிக்கிறனான் மிஸ்ஸி."

டொக்டர் குளிசை கொடுத்தார். சுகமானது. அடுத்த முறை வந்தபோது மறுபடியும் சலக்கடுப்பு, மறுபடியும் காய்ச்சல். டொக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, உது இப்பிடித் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்திடும். அந்த வீட்டிலை என்ன நடக்குது எண்டு ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

அன்று பின்னேரமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க நிரோஜாவுக்குச் சொல்ல வேண்டிய ஏச்சை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். இந்த வேலையில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. உங்களுக்கும் வரும், பாருங்கள்.

செல்வராணி வாசலிலேயே பிடித்து இருத்தி, பெரிய கிளாஸ் நிறையத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொடுத்தார். வெயிலில் வந்தவள், முழுவதையும் குடித்தேன். அது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டி வந்தது. கேட்டதும் நிரோஜாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். மாமியும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாத்ரூம் வீட்டின் பின்பக்கம், கிணற்றடிக்கும் வாழைகளுக்கும் நடுவில் தனியாக நின்றது. புதிதாகக் கட்டி, ரைல்ஸ் பதித்துத் துப்புரவாக வைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். குளிர்ச்சியாக இருந்தது. பிளஷ் பண்ணும் தண்ணீர் ராங்கின் மேலே குரும்பட்டி அளவில் ஏதோ ஒட்டியிருந்தது. சுவரின் அதே வெளிறிய நிறம். சீமெந்துக் கட்டி என்று நினைத்தேன். அந்தக் கட்டி கண்ணைத் திறந்தது.

அடுத்த கணம் அது என் தோளில் இருந்தது. பாயும்போது பின்தொடையில் மஞ்சள் புள்ளிகள் மின்னி மறைந்ததுகூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஈரமாக, குளிராக, விரல் நுனியில் இருந்த சின்னச் சின்ன வட்டங்களால் என் சேலைத் துணியைப் பற்றிக்கொண்டு அது இருந்தது. அத்தனை பிரசவங்களைப் பார்த்த நான், குழந்தை கழுத்தில் கொடி சுற்றி வந்தபோதும் குரல் நடுங்காத நான், ஊரே கேட்கக் கத்தினேன்.

அது திரும்பச் சுவருக்குத் தாவ, நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தால், நிரோஜா அங்கே கைகளைத் தட்டாத குறையாக நிற்கிறாள்.

"கண்டியளா மிஸ்ஸி? கண்டியளா? நான் சொன்னா ஒருத்தரும் நம்புறேல்லை. உது ஆளைப் பாத்துத்தான் பாயிறது!"

நான் தோளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை மாதமும் "ஓம் மிஸ்ஸி"க்கு மேல் ஒரு சொல் கதைக்காதவள் அன்றைக்கு வாய் ஓயாமல் கதைத்தாள். என் மரியாதை போன இடத்தில்தான் அவளுக்கு வாய் வந்தது. கத்தியதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

அவள் சொன்னது இதுதான். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பாத்ரூம் லைற்றைப் போட்டவுடன் கதவுக்கு மேலே இருந்து ஒரு தேரை நேரே அவள் வயிற்றில் விழுந்தது. "ஈரத் துணியாலை அடிச்ச மாதிரி இருந்தது மிஸ்ஸி." தேரை மோந்த தேங்காய்க்குள் ஒன்றும் இராது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பிள்ளைத்தாய்ச்சியின் மேல் தேரை விழுந்தால் பிள்ளை வற்றிப் போகும் என்றும் கேட்டிருக்கிறாள். மாமியும் அதைக் கேட்டு வெளிறிப் போனாவாம். அன்றிலிருந்து அவள் பாத்ரூமுக்குப் போவது காலையில் ஒரு தரம், பின்னேரம் சுதன் ஓட்டோ ஓட்டம் முடிந்து வந்த பிறகு ஒரு தரம். சுதன் தும்புத்தடியோடு உள்ளே போய்ச் சுவர் எல்லாம் தட்டி, பிறகு வாசலில் காவல் நிற்பான்.

"அப்ப பகல்லை?" என்று கேட்டேன்.

"பகல்லை குடிக்காட்டி வராதுதானே மிஸ்ஸி," என்றாள்.

கணக்கு சரிதான்.

"உதை அடிச்சுக் கலைக்க ஏலாதோ?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"உப்புப் போட்டம், குளோரின் போட்டம், மண்ணெண்ணெய் தெளிச்சம். சுதன் வாளியிலை பிடிச்சுக்கொண்டு போய் அங்காலை தோட்டம் தாண்டி விட்டிட்டும் வந்தவன். அடுத்த நாள் பாத்தால் அதே தேரை திரும்பி வந்திருக்கு."

"அதே தேரைதான் எண்டு என்னெண்டு தெரியும்?"

"முகத்தைப் பாத்தாத் தெரியாதே மிஸ்ஸி?" என்றார் செல்வராணி. சிரிக்காமல் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். என் நாக்கு நுனியில் ஒரு பிரசங்கம் தயாராக நின்றது. இதெல்லாம் மூடநம்பிக்கை, தேரைக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். சொல்வதும் உண்மைதான். ஆனால் மருமகளுக்கு முன்னால் மாமியாரை அறிவில்லாதவர் ஆக்கிவிட்டு வந்தால், அடுத்த முறை அந்த வீட்டில் தேசிக்காய்த் தண்ணீர் கிடைக்கும், உண்மை கிடைக்காது. இன்னொரு பக்கம், ஆறுதலாக மனம் மாறட்டும் என்று விட்டுவிடவும் நேரம் இல்லை. டொக்டர் சொன்னது காதில் ஒலித்தபடி இருந்தது. அவள் அன்றைக்கே தண்ணீர் குடித்தாக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான், ஏதாவது கேட்பேன்.

"செல்வராணி, நீங்கள் தேரை விழுந்த பிள்ளை ஒண்டை நேரிலை கண்டிருக்கிறியளோ?"

அவர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். "உந்தா வாறான்."

வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு சுதன் இறங்கி வந்துகொண்டிருந்தான். ஆறடி உயரம். சேட்டுப் பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வராணிக்கு வரவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

போரில் ஊரே வெளியேறிய இடப்பெயர்வுக் காலத்தில் அவர் சுதனை வயிற்றில் கொண்டிருந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பல குடும்பங்களோடு படுத்திருந்தபோது கூரையிலிருந்து தேரை ஒன்று அவர் மேல் விழுந்தது. பிள்ளை பிறந்தபோது கருவாடு மாதிரி இருந்ததாம். கிழவனின் தோல் போல உடம்பெல்லாம் சுருக்கம். பார்க்க வந்த சனம் எல்லாம் தேரை விழுந்த பிள்ளை என்றது.

"அந்த மூலையிலை போய்ப் படுத்தது என்ரை பிழை எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறனான் மிஸ்ஸி. அங்காலை படுத்திருக்கலாம். இடம் இருந்தது."

"அந்த நாளையிலை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கஞ்சி."

"நாளுக்கு எத்தினை நேரம்?" என்று கேட்டேன்.

"ஒரு நேரம்," என்றார். "சில நாள் அதுவும் இல்லை. கிடைக்கிறதை மாமாவுக்கும் சின்னனுகளுக்கும் குடுத்திட்டு நான் படுத்திடுவன்."

சுதன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான். இந்தக் கதையை அவன் அதற்கு முன் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அன்று நான் செய்த நல்ல காரியம் என்று நினைக்கிறேன். செல்வராணி தன் கைகளைப் பார்த்தார். பிறகு தாமாகவே கேட்டார்.

"அப்ப அது தேரை இல்லையோ மிஸ்ஸி?"

"தேரை பாவம், செல்வராணி. அதுவும் அண்டைக்கு ஒதுங்க இடம் தேடித்தான் அங்கை வந்திருக்கும்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மூச்சை நீளமாக விட்டார். பிறகு எழுந்து போய் மகனின் முதுகில் ஓர் அடி போட்டு, "என்னடா மரம் மாதிரி நிக்கிறாய், மிஸ்ஸிக்குக் கதிரையை நிழலிலை போடு," என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நிரோஜா மெல்லச் சொன்னாள்: "நீங்கள் சொல்லுறது எல்லாம் விளங்குது மிஸ்ஸி. எண்டாலும் எனக்கு உதைக் காணேலாது."

அவள் சொன்னது நியாயம். காரணம் போனாலும் பயம் கொஞ்ச நாள் அந்த இடத்திலேயே குடியிருக்கும். அதற்கு அறிவுரை உதவாது, வேலைதான் உதவும். நான் எழுந்து வளவைச் சுற்றி நடந்தேன். இந்தத் தேரைகளுக்கு இந்தப் பாத்ரூமில் அப்படி என்ன இருக்கிறது?

வளவு முழுக்க மண் வெடித்துக் கிடந்தது. வாழை இலைகள் காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கின. கிணற்றுக்குப் பக்கத்தில் பழைய சீமெந்துத் தொட்டி, காய்ந்து, சருகு நிறைந்து கிடந்தது.

"இதிலை தண்ணி விடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"மோட்டர் போட்டாப் பிறகு ஆர் மிஸ்ஸி கிணத்தடியிலை குளிக்கிறது?" என்றான் சுதன். "தண்ணி நேரை மேலை ராங்குக்குப் போகுது. வாழைக்கும் எப்பவாவது ஒருக்காக் குழாய்தான்."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. முன்பு தொட்டி நிறையும், ஆட்கள் குளிப்பார்கள், வழிந்த நீர் வாய்க்காலால் வாழைக்குப் போகும். அந்த ஈரத்தில், இலைக் கக்கங்களில் தேரைகள் கோடையைக் கழித்திருக்கும். இப்போது அந்த வளவில் ஈரமான இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு ரைல்ஸ் பதித்துக் கதவும் போட்டிருந்தார்கள்.

"அப்ப உதுகளும் தண்ணி இல்லாமல்தான் வந்திருக்கோ?" என்றாள் நிரோஜா.

அன்று பின்னேரமே சுதன் தொட்டியைத் துப்புரவாக்கித் தண்ணீர் நிரப்பினான். வாய்க்காலைக் கொத்தி வாழைக்கு விட்டான். பாத்ரூம் சுவரில் காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளுக்கு வலை அடித்தான். உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவருவதுதான் பெரிய பாடு. ஆறடி சுதனுக்கும் உள்ளுக்குள் பயம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. செல்வராணி சுளகோடு ஒரு பக்கம், நான் கோப்பையோடு மறுபக்கம். அது சுவரிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து சுதனின் தலைக்கு, தலையிலிருந்து சுளகுக்கு என்று பாய்ந்தது. வாசலில் நின்ற நிரோஜா சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் தேரையை வாழையடியில் விட்டோம். அது ஓர் இலையின் அடியில் ஏறி, காலை மடித்து, நிறத்தையும் மாற்றிக்கொண்டு இல்லாமல் போயிற்று. நிரோஜா ஒரு செம்புத் தண்ணீரை நாங்கள் பார்த்திருக்கவே குடித்து முடித்தாள்.

அதற்குப் பிறகு கிருமி திரும்பி வரவில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு வம்பு வந்தது. நுளம்புக்காகத் தொட்டி பார்க்கப் போன சுகாதாரப் பரிசோதகர் கந்தோரில் என் மேசையடிக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மிஸ்ஸி, டெங்குக் காலத்திலை நீங்களே தொட்டியை நிரப்பி வைக்கச் சொன்னதாம்?" அவர் கேட்டது சரி. நுளம்பை நான் யோசிக்கவில்லை. மூன்று நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை முழுவதும் வாழைக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஓர் ஒழுங்கு செய்தோம்.

மழை தொடங்கியதும் அந்த ஒழுங்கையும் நிரோஜா குழப்பினாள். ஒரு காலை தொலைபேசி வந்தது.

"மிஸ்ஸி, தொட்டிக்கு மேலை வாழை இலையிலை ஆரோ சவர்க்கார நுரையை அப்பி வைச்ச மாதிரிக் கிடக்கு. போனிலை தேடிப் பாத்தனான். அது தேரையின்ரை முட்டையாம். தாய்த் தேரை காலாலை அடிச்சு அடிச்சு நுரையாக்கி, காயாமல் முட்டையை அதுக்குள்ளை வைக்குமாம். பிறகு குஞ்சுகள் நேரை தண்ணிக்குள்ளை விழுமாம். இப்ப தண்ணியைத் திறந்துவிட ஏலாது. சொல்லிப்போட்டன்."

வீட்டுச் சுற்றில் போனபோது பார்த்தேன். நுரை மெல்ல இளகி, பொட்டுப் பொட்டாகச் சின்ன உயிர்கள் தொட்டிக்குள் விழுந்து வால் அடித்துக்கொண்டு ஓடின. தொட்டிக்கு மேலே, நுரைக்கு மட்டும் வழி விட்டு, நுளம்பு வலை இழுத்துக் கட்டியிருந்தது.

"எங்கடை கட்டில் வலை மிஸ்ஸி," என்றான் சுதன். "நான் இப்ப நுளம்புக் கடியிலைதான் படுக்கிறன்."

நிரோஜாவுக்கு வலி கண்டது மழை பெய்த ஒரு காலைப் பொழுதில். தலைப்பிள்ளை, தாய் வீட்டுப் பக்கம் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில்தான் என்று முதலே முடிவு செய்திருந்தார்கள். தற்செயலாக நான் அவர்கள் வீட்டு ஒழுங்கையில், இன்னொரு வீட்டு வாசலில் நின்றேன். ஓட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். சுதன் ஓட, பின்னால் நிரோஜாவை நடுவில் வைத்து நானும் செல்வராணியும். வல்லை வெளிக்கு வந்தபோது இரு பக்கமும் கடல்நீரேரித் தண்ணீர், நடுவில் தார் றோட்டு, ஓட்டோவின் பக்கச் சீலையைப் பிய்க்கிற காற்று. வலி கொஞ்சம் இறங்கிய நேரம். ஓட்டோக் கூரையின் மடிப்பிலிருந்து ஒன்று விழுந்தது. எங்கே விழுந்தது என்கிறீர்கள்? நேரே நிரோஜாவின் வயிற்றில்.

ஓட்டோ நின்றது. சுதன் திரும்பிப் பார்த்தான். எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். நீங்கள் சொல்லப்போகிற முதல் சொல்லிலும் அதைச் சொல்கிற முகத்திலும்தான் மற்றவர்களின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி முந்திக்கொண்டார்.

"பாத்தியே, அதுக்கும் பிள்ளை பாக்க அவசரம்."

நிரோஜா சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே அடுத்த வலி பிடித்தது.

"நான் இறக்கி வெளியிலை விடட்டோ?" என்றான் சுதன்.

"உந்த வெளியிலையோ?" வலிக்குள்ளும் அவள் கத்தினாள். "உது உப்புத் தண்ணி! செத்துப்போம். வீட்டை கொண்டுபோய் விடுங்கோ!"

ஆஸ்பத்திரிப் பையில் இருந்த கோப்பையை எடுத்து, வெறுங்கையால் தேரையைப் பிடித்து உள்ளே விட்டு, முகம் துடைக்கிற லேஞ்சியால் மூடினார் செல்வராணி. மிச்ச வழி முழுக்க ஒரு கையில் கோப்பை, மறு கையில் மருமகளின் கை. பெண் பிள்ளை பிறந்தது. கொழுகொழுவென்று, அழுகைச் சத்தம் பிரசவ வாட்டின் மறு கோடிக்குக் கேட்க. பிள்ளையின் முகத்தைப் பார்த்த கையோடு சுதன் மழையில் வீட்டுக்கு ஓடித் தேரையை வாழையடியில் விட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் செய்தி சொன்னான்.

பிறகு பிள்ளையை நிறை பார்க்கக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். வரிசையில் இருந்த இளம் கர்ப்பிணி ஒருத்தி, கதை கேள்விப்பட்டிருப்பாள் போல, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமி, உங்கடை மருமேளுக்குத் தேரை விழுந்ததெல்லே?"

"ஓம், ரெண்டு தரம்," என்றார் செல்வராணி. "உந்தா தராசிலை கிடக்கு, பார்." பிறகு குரலைத் தாழ்த்தாமல், மண்டபத்தில் இருந்த எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். "என்ரை பெடியன் வத்திப்போய்ப் பிறந்தவன். அவனுக்கு விழுந்தது தேரை இல்லை, பிள்ளை; பட்டினி. அதிலை என்ரை பிழை ஒண்டும் இல்லை. நீ வடிவாச் சாப்பிடு, தண்ணியைக் குடி."

நான் நிறையைப் பார்க்கத் தராசுக்கு மேலே குனிந்தேன். அந்த நேரம் பார்த்துத் தராசுத் தொட்டிலில் கிடந்த சின்னவள் என் சீருடை நனைய ஒரு நீண்ட பீச்சு விட்டாள். நல்ல தெளிந்த, போதிய தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் சலம். முதலில் சிரித்தது நிரோஜாதான், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.